மூன்று மணி அலாரத்தை அழித்துவிட்டேன், தம்பி

தம்பி,

உன் இரத்தச் சீனியைத் தொலைபேசிக்கு அனுப்புகிற சென்சாரின் பகிர்வில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு மச்சாளின் பெயரைப் போட்டிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை இரவு ஆப்பைத் திறந்தேன், உன் கோடு இல்லை, வெறும் வெள்ளைத் திரை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சரி, உன் உடம்பு, உன் சீனி, உன் மனுசி. நானும் நேற்று என் தொலைபேசியில் இருந்த மூன்று மணி அலாரத்தை அழித்துவிட்டேன். நாலு வருசம் அடித்த அலாரம். அது ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் தெரியும்.

2022 மார்ச் கடைசி, 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த வாரம். டீசல் இல்லை, பஸ் இல்லை, நீ கொள்ளுப்பிட்டியில் இருந்து காலி வீதி நீளத்துக்கு நடந்தே வெள்ளவத்தைக்கு வந்தாய். லிப்டும் இல்லாததால் ஐந்து மாடி வேறு. வந்து கதிரையில் விழுந்து, "அக்கா, நீங்களே இழுத்துத் தாங்கோ" என்று ஊசியை என்னிடம் நீட்டினாய். நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் இன்சுலின் மருந்தை இழுத்தேன். வழமையை விட நாலு யூனிட் கூட.

உன்னிடம் சொல்லவில்லை. (மொத்தம் எத்தனை யூனிட் என்பதை இங்கே எழுதமாட்டேன், யாராவது அதைப் பார்த்துத் தங்கள் அளவை மாற்றிவிடுவார்கள்.) மூன்று நாளாக விடியக்காலையில் உன் சீனி 260, 270 என்று கூடி நின்றது. ஃபிரிட்ஜ் பாதி நாள் வேலை செய்யவில்லை, போத்தலை ஈரத்துணி சுற்றி மண்சட்டிக்குள் வைத்திருந்தோம், மருந்து சூட்டில் வீரியம் குறைந்துபோயிருக்கும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். ஆனால் அன்று இழுத்தது மத்தியானம்தான் பார்மசியில் வரிசையில் நின்று வாங்கிய புதுப் போத்தலில் இருந்து. அது ஏன் எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

சாமத்தில் திரும்பவும் கரண்ட் போனது. நான் முழித்தது நீ கதைத்ததால். "பஸ் வந்திட்டுது, பஸ் வந்திட்டுது" என்று தெளிவாக, கொஞ்சம் சந்தோசமாகக் கூடச் சொன்னாய். கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். ஃபேன் இல்லாத மார்ச் மாதத்தில் எல்லோரும்தான் வேர்வையில் நனைந்து கிடந்தோம், உன் வேர்வை மட்டும் வேறு என்று எப்படித் தெரியும்? பிறகு தண்ணி குடிக்க எழும்பியபோது உன் கையில் என் கை பட்டது. அந்தப் புழுக்கத்திலும் குளிர்ந்திருந்தது. டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு உன் விரலில் குத்தினேன். மீற்றரில் 38.

70க்குக் கீழே போனாலே கவனி, 54க்குக் கீழே ஆபத்து என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தவள் நான்தான். சீனி போட்ட சிவப்புச் சோடா, நெக்டோவை வாயருகில் கொண்டுபோனால் கிளாஸைத் தட்டிவிட்டாய், மெத்தை முழுக்கச் சிவப்பு. இரண்டாம் தரம் விழுங்கினாய். நீ விழுங்கியதால் தப்பினோம். நினைவில்லாத ஆளின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்சுக்கு அடிக்கவேண்டும் என்றெல்லாம் அந்த இருட்டில் எனக்கு ஞாபகமே இல்லை. கால் மணித்தியாலம் கழித்து 61. திரும்ப நெக்டோ. அப்புறம் 94. இரண்டு மாரி பிஸ்கட் தின்றுவிட்டு, "ஏன் மெத்தை ஈரம்?" என்று கேட்டுவிட்டு நித்திரையாகிவிட்டாய்.

காலையில் அம்மா உன்னைத்தான் ஏசினா. அவ்வளவு தூரம் நடந்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் பாதியை ஏன் வைத்தாய் என்று. நீயும் தலையைக் குனிந்துகொண்டு "என்னில்தான் பிழை" என்றாய். நான் மெத்தை உறையைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மன்னித்துக்கொள். ஆனால் நீ நடந்ததும் உண்மைதானே? நடந்து களைத்த தசை விடியும்வரை இரத்தத்தில் இருந்து சீனியை இழுத்துக்கொண்டே இருக்கும், சாப்பாடும் பாதி. நாலு யூனிட் மட்டும் காரணமில்லை. இப்படித்தான் எனக்கு நானே நாலு வருசமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கிளினிக்கில் நான் தனியே போய்க் கேட்டேன், அதுவும் உனக்குத் தெரியாது. விடியக்காலை எண்ணைப் பார்த்து இரவு மருந்தைக் கூட்டவே கூடாது, முதலில் மூன்று மணிக்குக் குத்திப் பார் என்றார் டொக்டர். அப்போது நீ போட்டது வேகமான இன்சுலினும் மெதுவான இன்சுலினும் கலந்த மருந்து, அதன் மெதுவான பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். மூன்று மணிக்குக் குறைந்திருந்தால் இரவு மருந்து கூடிப்போச்சு என்று அர்த்தம். மூன்று மணிக்கு நல்லாக இருந்து ஆறு மணிக்கு ஏறியிருந்தால், விடியப்புறம் சுரக்கிற ஹோர்மோன்களால் ஈரல் சீனியை அவிழ்த்துவிடுகிறது. மீற்றரில் போடுகிற ஒரு ஸ்ட்ரிப்பில் தெரிந்திருக்கும். ஸ்ட்ரிப்புக்குத் தட்டுப்பாடு என்று நான் அந்த ஒன்றை மிச்சம் பிடித்தேன்.

அன்றைக்கு வைத்த அலாரம் அது. நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் ஊசிக்கு மாறி, இரவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கத் தொடங்கிய பிறகும் நான் நிறுத்தவில்லை. "உன்னை மாதிரி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்" என்று சனம் சொல்லும்போது கூசும். அதேநேரம் ஒன்றையும் சொல்லவேண்டும்: நீ ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, "அக்கா, இன்றைக்கு நீங்கள் படுங்கோ, நான் பார்க்கிறேன்" என்று சொன்னதில்லை. கண்டிக்கு மாற்றத்தோடு வந்த பதவி உயர்வை நான் ஏன் விட்டேன் என்றும் கேட்கவில்லை. கலியாணப் பேச்சுக்கால விசயங்களை இங்கே எழுதமாட்டேன், மச்சாள் வீட்டாரும் வாசிப்பார்கள்.

மச்சாள் கெட்டிக்காரி. என்னை விடப் பதற்றம் குறைவு, உனக்கு அதுதான் நல்லது.

சென்சாரை வலக்கையில் ஒட்டச் சொல். நீ சின்ன வயதில் இருந்தே இடப்பக்கம் சரிந்து படுக்கிறவன், கைக்கடியில் அமுங்கினால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். சாமத்தில் அலறினால், வேர்வையோ உளறலோ இல்லையென்றால் உன்னைப் புரட்டிவிட்டு விரலில் குத்திப் பார்க்கட்டும். இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம், உடனே நெக்டோ. போத்தல் கட்டிலடியில் இருக்கட்டும். சீனியில்லாத சோடா வகையை வாங்கி வைத்துவிடாதே, அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அக்கா