ஒரே நாளில் பழகிவிடாது கை

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுவை சிகிச்சையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்ட அறுவை மருத்துவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். டொராண்டோவின் கரோல்-ஆன் மோல்ட்டனும் அவருடைய குழுவும் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பயிற்சியில் இருந்த 38 இளம் மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி மெல்லிய ரத்தக்குழாயை இணைத்துத் தைக்கும் வேலையை ஒரு பாதிக்கு ஒரே நாளில் நான்கு வகுப்பாகவும், மறுபாதிக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரமும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி நேரம் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், இடைவெளி விட்டுப் பழகியவர்களின் கைதான் மேலாக இருந்தது.

நானும் பயிற்சிக் காலத்தில் ஒருநாள் பட்டறைகளுக்குப் போனவன். சாயங்காலம் சான்றிதழ் கிடைத்துவிடும், ஆனால் அடுத்த மாதம் ஊசியைப் பிடித்தால் விரல் தடுமாறும். என் கையில்தான் குறை என்று வெகுநாள் வருந்தினேன்.

அப்புறம் இன்னொன்று. 2002-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், அறுவையைக் கணினித் திரையில் செய்து பார்க்கும் கருவியில் முன்பே பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள், தவறுகளும் மிகக் குறைவு. கருவிக்குப் பணம் வேண்டும், சரி. ஆனால் அதே பட்டறை நேரத்தை நான்கு வாரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கப் புதுக் கருவி எதுவும் வேண்டாமே? பயிற்சி நடத்துகிறவர்கள் அடுத்த அட்டவணையிலேயே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறுவை மருத்துவர்