மீண்டும் சேரும் கதைகளைக் கட்டுக்கணக்கில் வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபை நூலகங்களின் நூலகர்களுக்கும், புத்தகம் தெரிவுசெய்யும் குழுவினருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதையொட்டிப் புதுப் புத்தகங்களுக்குப் பட்டியல் போடுவீர்கள். வரலாறு, பரீட்சை வழிகாட்டி, சிறுவர் கதை எல்லாவற்றுக்கும் தலைப்பு வாரியாகப் பெயர் எழுதுகிறீர்கள். "குடும்ப நாவல்" மட்டும் ஒரே வரியில் ஒரு கட்டாக வந்து இறங்குகிறது. கடைக்காரர் எதைக் கட்டினாரோ அதுதான் வாசகர் கைக்கு வருகிறது. அந்தக் கட்டுக்குள் அதிகம் கை மாறுபவை, பிரிந்த இருவர் திரும்பச் சேரும் இனிமையான காதல் கதைகள். அவற்றை விரும்பி வாசிப்பவர்கள் நாங்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பார்த்து வாங்குங்கள் என்கிறோம். எப்படிப் பார்ப்பது என்பதையும் எழுதுகிறோம்.

முடிவு முதலே தெரிந்த கதையை ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேர்வார்களா என்பதற்காக யாரும் இவற்றை எடுப்பதில்லை. எதைச் சொல்லிச் சேர்ந்தார்கள், யார் எவ்வளவு இறங்கி வந்தார்கள், இறங்கியது போதுமா, இதுதான் வாசகருடைய கணக்கு. இந்தக் கரையில் அந்தக் கணக்கு புதிதும் அல்ல. தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, குளிர்த்திச் சடங்கு ஆடுகிறார்களே, அந்தக் கண்ணகி வீட்டுக்கும் போனவன் ஒருவன் திரும்பி வந்தான். சிலப்பதிகாரத்தில் கோவலன் வந்ததும் எதற்கு வெட்கப்படுகிறான் என்று பாருங்கள். முன்னோர் சேர்த்த செல்வம் தொலைந்ததற்கு. அவளை விட்டுப் போனதற்கு அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவள் சிலம்பைக் கொடுக்கிறாள், விடியுமுன் ஊரை விட்டு நடக்கிறார்கள். செய்த பிழையை அவன் வாய்விட்டுச் சொல்வதும், அவனது ஒழுக்கம் பிழை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதும் மதுரையில், சோறு உண்ட பிறகு. அதே பகலில் அவன் சிலம்பு விற்கப் போய்விடுகிறான். காப்பியத்துக்கு அந்தத் தாமதம் பொருந்தும். இனிமையான கதைக்கு அதே தாமதம்தான் பெரிய குறை.

இந்த வகைக்குள் மூன்று உண்டு. கலியாணம் கட்டிப் பிரிந்தவர்கள் சேர்வது ஒன்று. கட்டாமலே பிரிந்த பழைய காதலர் வருடங்கள் கழித்துச் சந்திப்பது இன்னொன்று. துணையை இழந்தவரோ விவாகரத்தானவரோ புதிய ஒருவரை ஏற்பது மூன்றாவது. கட்டாக வாங்கும்போது முதலாவதே வந்து குவிகிறது. ஆனால் நாற்பது, ஐம்பது வயது வாசகர்கள் கேட்டு வருவது மூன்றாவதை. அது எழுதவும் கடினம். போனவரின் படம் சுவரில் இருக்கும்போதே புதியவருக்கு நாற்காலி போட வேண்டும், இருவரில் எவரையும் சின்னவராக்கக் கூடாது.

இனி, ஒரு புத்தகத்தைப் பதினைந்து நிமிடத்தில் பார்க்கும் முறை. 240 பக்க நாவல் ஒன்றை எடுங்கள்.

30 ஆம் பக்கத்துக்குள் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்களா? வராவிட்டால் வீட்டு வர்ணனையும் தோழியின் பகிடியும் இடத்தை நிரப்புகின்றன என்று அர்த்தம். பிறகு நடுப்பகுதிக்குப் போங்கள். பிரிந்த காரணம் 100 ஆம் பக்கத்தை ஒட்டி விளங்கத் தொடங்க வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே முழுவதும் சொல்லிவிட்டால் இழுக்க ஒன்றும் மிஞ்சாது. 200 வரை ஒளித்து வைத்தால் பெரும்பாலும் காரணம் சொத்தையாக இருக்கும், ஆசிரியருக்கும் அது தெரியும். பழைய கதை நாலைந்து பக்கத் துண்டுகளாக இடையிடையே வருவது நல்லது. 70 பக்கம் ஒரே மூச்சில் பின்னோக்கிப் போனால், திரும்பி வரும்போது இன்றைய கதை ஆறிப்போயிருக்கும்.

அடுத்தது 160 முதல் 190 வரை. மன்னிப்புக் கேட்கும் இடம் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் அதை முழுதாக வாசியுங்கள், மற்றதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். "நான் பிழை விட்டுட்டன், மன்னிச்சிரு" என்பது மன்னிப்பில் சேர்த்தி இல்லை. "உங்கட அம்மாவுக்கு முன்னால நீங்க சொன்னது உண்மையெண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் வாய் திறக்கல்ல" என்பதுதான் மன்னிப்பு. எதைச் செய்தோம் என்று பெயர் சொல்ல வேண்டும். கேட்ட கையோடு அவள் கட்டிப்பிடித்து அழுதால் புத்தகத்தை மூடிவிடலாம். கேட்டதற்கும் ஏற்றதற்கும் இடையில் இருபது முப்பது பக்கம் வேண்டும், அதற்குள் அவன் மாறியிருப்பது பேச்சில் இல்லாமல் செயலில் தெரிய வேண்டும். பெண்ணின் பக்கம் பிழை இருந்தால் அவளுக்கும் இதே சட்டம்.

செயல் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மாதிரிக்குச் சொல்கிறோம். ஆறு வருடம் கழித்து வந்தவனுக்கு அவள் பழைய ஞாபகத்தில் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுக்கிறாள். அவன் இப்போது சீனி போட்டுக் குடிப்பவன். ஒன்றும் சொல்லாமல் குடித்து முடிக்கிறான். அடுத்த முறை அவள் கேட்கிறாள், "சீனி போடட்டா?" நாலு வரிதான். அவள் கவனித்திருக்கிறாள், அவன் குறை சொல்லவில்லை, இடையில் போன ஆறு வருடமும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. இப்படி ஓர் இடமாவது கண்ணில் பட்டால் அந்தப் புத்தகத்தைப் பட்டியலில் போடுங்கள். கடைசிப் பத்துப் பக்கத்தில் ஒன்றே ஒன்று: சம்மதம் அவள் வாயால் வருகிறதா, பெரியவர்கள் கூடி முடித்து வைக்கிறார்களா?

தள்ளிவைக்க வேண்டியவையும் உண்டு. அடிப்பவன், கடத்துபவன், மிரட்டித் தாலி கட்டுபவன் கதாநாயகனாக வந்து, கடைசியில் "உன் மேல வச்ச ஆசையாலதான்" என்று ஒரு வசனத்தில் வெள்ளையாகிவிடும் கதைகள் இப்போது நிறைய அச்சாகின்றன. அட்டையில் ரோஜாப்பூ இருக்கும். இவை வேறு சாமான், இந்தத் தட்டில் வைக்கக் கூடாது. விபத்து நடந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் எல்லாம் மன்னிக்கப்படும் கதைகளும் எங்களுக்கு உவப்பில்லை. கட்டுப்போட்ட தலையைப் பார்த்து யாரால் கோபப்பட முடியும்? ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை 300 பக்கம் இழுப்பது இன்னொன்று. வயதுக் கணக்கையும் ஒருக்கால் சரிபாருங்கள். பிரிந்து ஐந்து வருடம் என்பார்கள், பிரிந்த பிறகு பிறந்த பிள்ளை இரண்டாம் வகுப்பில் படிக்கும். இணையத்தில் தொடராக வந்து பிறகு அச்சானவற்றில் வேறொரு தொல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் முந்தைய அத்தியாயத்தின் கடைசிப் பந்தியைத் திரும்பச் சொல்லித் தொடங்கும். ஏதாவது மூன்று அத்தியாயத் தொடக்கங்களைப் புரட்டினால் செம்மைப்படுத்தி அச்சடித்தார்களா, அப்படியே கொட்டினார்களா என்று தெரிந்துவிடும்.

காணாமல் போன கணவன் பல வருடம் கழித்து உயிரோடு வந்து நிற்பதாக ஒரு திருப்பம் உண்டு. வேறு ஊரில் அது வெறும் திருப்பமாக இருக்கலாம். போரில் காணாமல் போனவர்களின் படத்தோடு இன்றும் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்திருக்கும், 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன உடல் கிடைக்காத வீடுகள் உள்ள இந்தக் கரையில், லேசான கதை என்ற பெயரில் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழகக் கதைகளை வாசிப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றின் அத்திவாரம் எங்கள் வீடுகளில் பொருந்தாது. அங்கே கோபித்துக்கொண்டு பெட்டியோடு தாய்வீட்டுக்குப் போவது பெண். இங்கே தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பவர். பிரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது அவர். எங்கே போவார்? தாய்வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போயிருக்கும், அங்கே மச்சான் இருப்பார். விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் அந்த மனிதர் திரும்ப வர வேண்டுமானால் அவளுடைய படலையில் நின்று கேட்க வேண்டும். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு நாவலுக்குக் கிடைக்குமா? வீட்டு உறுதி அவள் பேரில், கேற் திறப்பும் அவள் கையில்.

சட்டமும் அப்படித்தான். நீதிபதி "ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்து பாருங்கள்" என்று அனுப்புவது அந்தக் கதைகளின் வழக்கமான விளையாட்டு. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் சம்மதித்துப் பிரியும்போது வரும் ஆறு மாதம், மனுப் போட்ட பின் காத்திருக்கும் காலம். மனுப் போடுமுன்பே ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மற்றவர் மேல் குற்றம் காட்ட வேண்டும், கைவிட்டுப் போனது, பிறரோடு உறவு என்ற மாதிரி. ஆகவே பிரிய நினைப்பவர்கள் ஒருவரை ஒருவர் நீதிமன்றத்தில் குற்றவாளியாக்கித்தான் பிரிகிறார்கள். சேர வேண்டுமானால் அந்தக் காகிதத்தில் எழுதியதையும் விழுங்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் தரும் முதல் தீர்ப்பு குறைந்தது மூன்று மாதம் கழித்தே முற்றாகும். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு முழு நாவலை வைக்கலாம். முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம், பிரிந்த பெண் மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தாக் காலம் என்று வேறு ஒழுங்கு. எழுதுபவர் எந்த வீட்டுக் கதையை எழுதுகிறாரோ அந்த ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியப் புத்தக, சஞ்சிகை இறக்குமதி கட்டுப்பட்ட 1970களில் வீரகேசரி பிரசுரங்கள் இந்நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை மலிவாகக் கொண்டுவந்தன. வாசகர் வாங்கினார்கள். உள்ளூர் நாவலை வாங்க ஆளில்லை என்ற பேச்சு அப்போதே பொய்த்துவிட்டது. ஆகவே வாசிப்பு மாதப் போட்டிகளில் கட்டுரை, கவிதையோடு 60 பக்கக் குறுநாவல் ஒன்றுக்கும் இடம் வையுங்கள். களம் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள், வீட்டு வழமையும் சட்டமும் பிழையில்லாமல். கட்டாரிலிருந்து திரும்பியவர், வெளிமாவட்டத்திலிருந்து இடமாற்றம் கிடைத்து வந்த ரீச்சர், வேளாண்மை வெட்டுக்கு மெசின் பிடிக்கப் போன இடத்தில் பழைய முகத்தைக் கண்டவர், ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

புத்தகத்தைப் பேணுவது பற்றி ஒரு சொல். மாத நாவல்களின் ஸ்டேப்ளர் பின் உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறி, நடுத்தாளை அரித்துவிடும். வந்த அன்றே பின்னைக் கழற்றி, மூன்று துளை போட்டு நூலால் தைத்து, தடித்த மட்டை ஒட்டுங்கள். இரண்டு நாவல்களை ஒரே கட்டாகக் கட்டினால் பதிவேட்டில் ஒன்றின் பெயரே ஏறும், மற்றது தேடினாலும் கிடைக்காது. டூயி நூலகப் பகுப்பில் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குள் தமிழ் நாவல் எல்லாம் அடங்குவதால், முதுகில் ஒரு நிறத்துண்டு ஒட்டினால் வாசகர் தானாகவே எடுத்துக்கொள்வார், மேசையில் வந்து கூச்சப்பட்டுக் கேட்கத் தேவையில்லை. திரும்பி வரும்போது கடைசி இரண்டு தாளைப் பாருங்கள். முதலில் கழன்று போவது அதுதான், இந்தக் கதைகளில் அது போனால் மிச்சம் இருந்தும் பயனில்லை. பின் அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவற்றைத் திறந்த தட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டியலில் கையொப்பம் இடுமுன் ஒரு சனிக்கிழமை காலை எங்களில் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். கடைக்காரரின் மாதிரிக் கட்டை மேசையில் அவிழ்த்து வைத்தால், நாற்பது புத்தகம் இரண்டு மணித்தியாலத்தில் பிரித்துத் தருவோம்: வாங்கலாம், வேண்டாம், சேர்ந்து பேசலாம் என்று மூன்று அடுக்கு. மூன்றாவது அடுக்குக்கு மட்டும் தேத்தண்ணி தேவைப்படும்.

இப்படிக்கு,
வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட ஊர்களின் நாவல் வாசகர்கள் சிலர்