ஞாயிறு ஜீப்பில் ரேடியோ மாட்டுறோம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 7 மணிக்கு பாகாயம் ஷெட்டுக்கு வந்துடுங்க. அமிர்தி தாண்டி ஜவ்வாது மலை ஏறும்போது போன தடவை போன் செத்துப்போய், பின்னாடி வண்டி பஞ்சர்னு முக்கால் மணி நேரம் தெரியாமலே போனோமே, அதுக்குத்தான் வண்டிக்கு வண்டி பேசிக்கிற இந்த ரேடியோ ஏற்பாடு.

ரேடியோ பவரை சிகரெட் லைட்டர் சாக்கெட்ல எடுக்காதீங்க. நான் எடுத்து, ரேடியோவுல இன்ஜின் இரைச்சல் மட்டும்தான் கேட்டேன். பேட்டரியில இருந்து நேரா ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ். ஆன்டெனா கூரை நடுவுல இருந்தா நல்லது. பம்பர்ல வெச்சா ஒரு பக்கம் வண்டியே மறைக்கும். ஆன்டெனா உட்கார்ற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி, பளபளன்னு தகரம் தெரிஞ்ச பிறகு போல்ட் முறுக்குங்க. ஆன்டெனா இல்லாம பேசுற பட்டனை அமுக்கினா செட் புகைஞ்சிடலாம். ஆன்டெனா செட்டோட சரியா பொருந்துதான்னு பார்க்குற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நான் கொண்டு வர்றேன், 1.5-க்குள்ள வந்தா போதும்.

27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. (பொதுமக்கள் பேசுற அலைவரிசை) செட்டுக்கு 5 வாட் வரை தனி லைசென்ஸ் வேணாம். 144 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோக்காரங்க பேசுற) செட்னா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவங்க மட்டும். "சும்மா ஒரு தடவை பேசிப் பாக்குறேன்"ங்கிற பேச்சே வேணாம்.

டிரில் பிட் யார்கிட்ட இருக்கு? டிபன் என் செலவு.