செயலாளரின் ஆண்டறிக்கை: இரட்டைக்கண் கமராவுக்கு என்ன விலை?

மதிப்பிற்குரிய தலைவர், போசகர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, ஆண்டு முழுக்க நாங்கள் பேசித் தீராத விடயத்துக்கு, பழைய கமராக்களின் விலைக்கு, நேராக வருகிறேன்.

மானிப்பாயிலிருந்து ஓர் அங்கத்தவர் தன் அப்பப்பாவின் ஸ்டீரியோ கமராவைக் கொண்டுவந்தார். அப்பப்பா மலாயா ரயில்வேயில் வேலைசெய்து பென்சனோடு ஊர் திரும்பியவர். கமரா, பாரிசில் ஜூல் ரிஷார் 1893இல் காப்புரிமை பெற்ற வெராஸ்கோப் வகை. 45 × 107 மில்லிமீற்றர் கண்ணாடித் தகட்டில் இரண்டு படங்கள் அருகருகே விழும்; பார்வைப்பெட்டியில் வைத்து இரண்டு கண்ணாலும் பார்த்தால் அவை ஒன்றாகி, நேரில் பார்ப்பதுபோல ஆழத்தோடு தெரியும். பின்னால் உள்ள பெட்டியில் 12 தகடுகள் அடங்கும்.

"என்ன விலை போகும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். வெராஸ்கோப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது; பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. ஜேர்மனியில் பிராங்கே - ஹைடெக்கே 1920களில் செய்த ரோலைடோஸ்கோப் என்ற ஸ்டீரியோ கமராவைத்தான் சேகரிப்போர் அதிகம் தேடுகிறார்கள். அது றோல் பிலிமில் எடுப்பது, இன்றும் பாவிக்கலாம். தகட்டுக் கமரா என்றால் முழுமைதான் விலை. இரண்டு லென்சும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்த்தவையா, இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகின்றனவா, தகட்டுப்பெட்டி, தோலுறை, பார்வைப்பெட்டி எல்லாம் கூடவே இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு லென்சை மாற்றியிருந்தால் இரண்டு படங்களும் அளவில் ஒத்துவராது, பார்க்கக் கண் நோகும்.

இவரிடம் பார்வைப்பெட்டி இல்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. ஆனால் தகடுகள் 19 இருந்தன! எங்கள் இளம் அங்கத்தவர்கள் இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகளை மட்டையில் பொருத்தித் தகட்டைப் பார்க்க வழிசெய்தார்கள். உள்ளே துலாக்கிணறு. துலா எங்கள் முகத்துக்கு நேரே நீண்டு வந்தது. கிணற்றுக்கட்டில் ஒரு பெண்பிள்ளை தண்ணி அள்ளும் பட்டையோடு நிற்கிறாள். அவள்தான் தன் பெரிய மாமியென்று அங்கத்தவர் சொன்னபோது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. அதன்பிறகு எவரும் விலை கேட்கவில்லை.

ஒரு தகடு நெகற்றிவ்; அதில் இரண்டு படங்களும் இடம்மாறி இருக்கும். அதை ஸ்கேன் செய்தபோது இடது வலதை மாற்றிவைக்க மறந்துவிட்டோம். பின்னால் நின்ற மாமரம் ஆட்களுக்கு முன்னால் வந்து நின்றது. மாற்றிவைத்ததும் சரியாகிவிட்டது.

மனவருத்தமும் ஒன்று உண்டு. வேறோர் அங்கத்தவர் மரக் கமராவின் பித்தளையைக் குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டு மினுக்கிவிட்டார். பழைய மெருகுப்பூச்சு போய்விட்டது. அது திரும்பி வராது. நல்லெண்ணத்தில் செய்தவர், அவரைக் குறைசொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டியது நிர்வாகசபை.

மாரி தொடங்கமுன் லென்சுகளைப் பூஞ்சணம் பிடிக்காத உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். தகடுகளை ஒவ்வொன்றாகக் கடதாசி உறையில் போட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். மருந்து பூசிய பக்கத்தை ஈரத்துணியால் தொடவே வேண்டாம். வீட்டுப் பெட்டகத்தில் இப்படி ஏதும் கிடந்தால் துடைக்காமல், பிரிக்காமல் அப்படியே அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செலவை மன்றம் ஏற்கும்.

நன்றி.
செயலாளர்