சாங் லாவைத் தாண்ட வைத்தவர்களுக்கு

லடாக்கில் பாங்காங் ஏரிக்கரை ஊரான ஸ்பாங்மிக் விடுதி அம்மாவுக்கும், ஓட்டுநர் தம்பிக்கும், டாங்சே சுகாதார நிலையத்து டாக்டருக்கும் நர்ஸ் தங்கைக்கும், ஆக்சிமீட்டர் தந்த திருச்சூர் அண்ணனுக்கும்,

திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். காபியில் சர்க்கரை போதவில்லை என்று இன்று காலையில் சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

தப்பு எங்களுடையதுதான். 3,500 மீட்டர் உயரத்து லே நகரில் விமானத்திலிருந்து இறங்கியவர்கள் இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். நாங்கள் மறுநாளே பாங்காங் ஏரிக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே 4,200 மீட்டருக்கு மேல். "தினமும் ஓடுறவன், எனக்கென்ன ஆகும்?" என்றார். உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் மலை நோய்க்கு ஓட்டமும் ஜிம்மும் தடுப்பு ஆகாதாம்.

ராத்திரி தலைவலி, வாந்தி. பயணக் களைப்பு என்று நினைத்தேன். விடியற்காலையில் படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விழித்தார். என்னைத் தன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா, நீங்கள்தான் அவரை எழுப்பி நடக்கச் சொன்னீர்கள். குடித்தவர்போலத் தள்ளாடியதைப் பார்த்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுநரை எழுப்ப ஓடினீர்கள். திருச்சூர் அண்ணன், கொரோனா காலத்தில் வாங்கியது என்று சொல்லி விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 61 சதவீதம் என்று காட்டியது.

நுரையீரலில் நீர், மூளையில் வீக்கம், இரண்டும் ஆரம்பம் என்றார் டாங்சே டாக்டர். ஆக்சிஜன் மாஸ்க், டெக்சாமெத்தசோன் ஊசி, நிபெடிபின் மாத்திரை. அந்த அவசரத்திலும் என் அரைகுறை இந்திக்கு விளங்கும்படி சொன்னார்: மலைக்காற்றிலும் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம் குறைவதால் ரத்தத்தில் போதிய அளவு ஏறுவதில்லை. உடனே நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் கூடி, நீர் கசிகிறது. ஆக்சிஜன் கிடைத்தால் அந்த இறுக்கம் தளரும். கொஞ்ச நேரத்தில் எண் 90ஐத் தாண்டியது. அவர் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் இந்தச் சிகிச்சை இறங்கும்வரைக்கும்தான், இறங்கியே ஆக வேண்டும் என்றார். லேக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும்! வழியில் 5,300 மீட்டருக்கு மேல் நிற்கிறது சாங் லா கணவாய். எனக்குக் கால் நடுங்கியது. பெரிய சிலிண்டரை வண்டியில் ஏற்றி, நர்ஸ் தங்கையையும் கூட அனுப்பினார்கள். (நாங்கள் லே கடைத்தெருவில் வாங்கிய ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குக்கூடக் காணாது. அதை நம்பித்தான் கிளம்பியிருந்தோம்.) மேலே ஏற ஏற அந்தப் பெண் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் சிலிண்டர் குமிழைத் திருகிக்கொண்டே வந்தாள். தம்பி, கணவாயில் எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கும்போது, நீங்கள் வண்டியை நிறுத்தவே இல்லை. லே மருத்துவமனையில் மூன்று நாள். அப்புறம் ஊர்.

உங்கள் ஊரில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் ஒரே சொல்தானாமே. எல்லாருக்கும் ஜூலே.

திருச்சூர் அண்ணா, உங்கள் ஆக்சிமீட்டர் என் கைப்பையிலேயே வந்துவிட்டது. அவசரத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இதைப் படித்தால் விலாசம் சொல்லுங்கள், கூரியரில் அனுப்புகிறேன். புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன்.