இருட்டறைப் படங்களை வெளுத்தல்: ஞாயிறு பயிற்சி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, குன்னூரில் நமது இருட்டறையில், கறுப்பு வெள்ளைப் படங்களின் வெளிர்ப் பகுதிகளைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலால் வெளுத்துப் பளிச்சிடச் செய்யும் பயிற்சி நடைபெறும். உதகையில் தயாரான பழைய ‘இந்து’ (INDU) புகைப்படத் தாளில் அச்சிட்டு, வானமும் மூடுபனியும் சாம்பல் பூத்துப்போன படங்கள் இருந்தால் அவசியம் எடுத்து வாருங்கள். அவற்றை மீட்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

1. சற்று அழுத்தமாக அச்சிட்ட இரண்டு படங்கள், மெல்லிய தூரிகை, பஞ்சு, ரப்பர் கையுறை கொண்டு வரவும்.

2. கரைசல் வெளிர் எலுமிச்சை நிறத்தில் இருந்தாலே போதும். ஈரப் படத்தின் மேல்நீரை ஒற்றியெடுத்துவிட்டுத் தடவி, உடனே அலச வேண்டும். ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில்) இட்டபின் மேலும் சற்று வெளுக்கும் என்பதால், வேண்டிய அளவை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். படத்தின் கருமையைத் தரும் வெள்ளி ஹைப்போவில் கரைந்துவிட்டால் திரும்ப வராது.

3. இக்கரைசலுடன் கடும் அமிலம் எதையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும். சிறு பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

4. நம் ஊர்த் தண்ணீரின் குளிருக்கு ஹைப்போ மெதுவாகவே நீங்கும் என்பதால், கழுவி முடிக்க மாலையாகிவிடும்.

வருகையையும் கொண்டுவரும் படங்களின் அளவையும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.