கிளை நூலகங்களில் குழந்தைகளுக்கும் ஒரு நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் நமக்கு, கிளை நூலகம் நாளிதழ் புரட்டும் இடமாக மட்டும் இருப்பது போதாது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டப் பகுதிக் குழந்தைகள் வெளியே விளையாட வழியின்றி வீட்டுக்குள் அடைந்து கிடக்கையில், வாசகர் வட்டத்தினர் சனிக்கிழமைதோறும் கதை சொல்லி, அவரவர் வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற நூல்களைப் பரிந்துரைத்தால் உறுப்பினர் எண்ணிக்கை தானே கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தன்னார்வலர்களாக அழைக்கலாம். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் நூல்களைக் காற்றாட உலர்த்தவும் (மலையூரில் இதுவே பெரிய வேலை) அவர்கள் கைகொடுப்பர். பேருந்து வசதி குறைவென்பதால் நிகழ்ச்சியை முற்பகலிலேயே நடத்துமாறு மாவட்ட நூலக ஆணைக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி.